ஆன்லைன் வகுப்பில் மாணவர்களைப் பேச வைப்பது எப்படி?

"கல்லூரியில் ஆன்லைன் வகுப்பும் வெபினாரும் நடத்துகிறேன். எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு அமைதியாகவே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கேமராவை விட்டுவிடுங்கள். சாட் பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். 2020-ல் கல்லூரிகள் மூடப்பட்டபோது நானும் "கேமரா போட்டால்தான் அட்டெண்டன்ஸ்" என்றேன். ஒரு மாணவி மட்டும் போடவே இல்லை. எல்லோர் முன்னாலும் இரண்டு முறை பெயர் சொல்லிக் கேட்டுவிட்டேன். வகுப்பு முடிந்ததும் வாட்ஸப்பில் எழுதினார்: "சார், வீட்டுல ஒரே ரூம்தான். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு பின்னாடி தூங்குறாங்க." அன்றோடு அந்த விதியை எடுத்துவிட்டேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதையே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வில் அதிகம் பேர் சொன்ன காரணம், தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னால் வீட்டு ஆட்கள் தெரிவார்கள், நெட் தாங்காது என்பவையும் வந்தன. நம் ஊரில் டேட்டா கணக்கும் உண்டு. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது. நல்ல உதவிதான். ஆனால் நாள் முழுக்க வீடியோ ஓடினால் அது போதாது.

சரி, சாட்டுக்கு வருவோம். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஓர் எழுத்தில் பதில் சொல்லக்கூடிய, ஆனால் யோசிக்க வைக்கிற கேள்வியாகக் கேளுங்கள். நான் கேட்கும் ஒன்று: ஒரு தெருவில் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளில் மாத வருமானம் தலா 20,000 ரூபாய். பத்தாவது வீட்டில் 8,20,000. இந்தத் தெரு மக்களின் வருமானம் எப்படி என்று ஒரே எண்ணில் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்? 'அ' என்றால் சராசரி, ஒரு லட்சம். 'ஆ' என்றால் இடைநிலை அளவு, அதாவது வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 20,000.

பதிலை எல்லோரும் டைப் செய்து வைத்துக்கொள்ள வேண்டும், நான் சொல்லும்வரை அனுப்பக் கூடாது. பிறகு "இப்போ அனுப்புங்க" என்றதும் அறுபது பதிலும் ஒரே நேரத்தில் வந்து விழும். முதல் பெஞ்ச் மாணவன் சொன்னதைப் பார்த்து மற்றவர்கள் எழுத வழியில்லை. தப்பாகச் சொன்னவரும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்.

இதில் கஷ்டமான பகுதி நமக்குத்தான். காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே வகுப்பறைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்: கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீளமாக, தெளிவாக வருகின்றன. ஆன்லைனில் மூன்றும் போதாது. போனில் டைப் செய்ய வேண்டும், நெட் சுற்றும். நான் மனசுக்குள் முப்பது வரை எண்ணுவேன். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழக எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

பதில்கள் இரண்டாகப் பிரிந்தால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். நான்கு நான்கு பேராக பிரேக்அவுட் ரூமில் (அதே மீட்டிங்குக்குள் பிரியும் சின்னத் தனி அறைகள்) விட்டு, ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அதே கேள்விக்கு மறுபடி ஓட்டு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களிலிருந்து நேரடி வகுப்பில் செய்துகாட்டிய முறை இது. என் வகுப்பில் 'அ' சொன்ன பலர் இரண்டாம் சுற்றில் 'ஆ'வுக்கு மாறுவார்கள், நான் ஒரு வார்த்தை விளக்காமலேயே. ரூமுக்குள் போனதும் உங்கள் ஸ்லைடு அவர்களுக்குத் தெரியாது, அதனால் கேள்வியை முன்கூட்டியே வாட்ஸப் குழுவில் போட்டுவிடுங்கள். தமிழிலோ தங்லிஷிலோ பேசட்டும். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால் அங்கேயும் மௌனம்தான்.

இடையில் நீங்கள் தொடர்ந்து பேசும் பகுதி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எட்எக்ஸ் தளத்தின் பாட வீடியோக்களை வைத்து 2014-ல் வந்த ஆய்வு ஒன்று, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்தான் என்கிறது. நேரலையில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவார்கள்.

வெபினார் விஷயம் வேறு. வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் என்று அரை மணி நேரம் போய்விடுகிறது. பாதிப் பேர் காத்திருப்பது கடைசியில் வரும் ஃபீட்பேக் ஃபார்ம் லிங்குக்கும் இ-சர்டிபிகேட்டுக்கும். இதில் மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விருந்தினர் அறிமுகத்தை முந்தின நாளே பிடிஎஃப்பாக அனுப்பிவிடுங்கள். பதிவுப் படிவத்திலேயே ஆளுக்கொரு கேள்வி எழுதி வாங்குங்கள். அதில் நல்ல ஐந்து கேள்விகளைப் பேச்சாளரிடம் கொடுத்து, அவற்றிலிருந்தே உரையைத் தொடங்கச் சொல்லுங்கள். தன் கேள்வி வாசிக்கப்படும்போது அந்த மாணவர் எங்கும் போக மாட்டார்.

நீங்கள் என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அந்தத் தெருக் கேள்வி மாதிரி ஒன்று உங்கள் பாடத்துக்கும் சேர்ந்து யோசிக்கலாம்.