சிறுகணினியில் வன்பொருள் டிகோடிங்: திருமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை நகரிலிருந்தும் உப்புவெளி, நிலாவெளி, மூதூர், கிண்ணியாப் பக்கங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே முடிச்சைச் சுற்றியே நிற்கின்றன: கையளவான ராஸ்பெரி பை கணினியில் காணொளி ஏன் தடக்குகிறது, அதன் சிப்பிலுள்ள டிகோடரை, அதாவது சுருக்கிய காணொளியை விரித்துக் காட்டும் சுற்றை, எப்படி வேலை வாங்குவது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி, விருந்தினர் விடுதி நடத்துபவர்): ஐயா, வரவேற்பறை ரிவியில் விடுதியின் அறிமுகக் காணொளியை ராஸ்பெரி பை 4 மூலம் நாள் முழுவதும் ஓடவிடுகிறோம். 1080பி அளவுதான், ஆனாலும் தடக்குகிறது; புரோசசரும் சூடாகிறது. வன்பொருள் டிகோடிங்கை எங்கே போய் இயக்குவது?

பதில்: இயக்குவதற்கு முன்னர், கோப்பு எந்தக் கோடெக்கில் (காணொளியைச் சுருக்கும் முறையில்) இருக்கிறது என்று பாருங்கள். கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிவதால் எதுவும் தெரியவராது, அதனுள்ளே எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏவி1 கூட இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்னும் காணொளிக் கருவித் தொகுப்பிலுள்ள எஃப்எஃப்புரோப் கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், கோடெக், அகல உயரம், பிக்சல் வடிவம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் காட்டிவிடும். பை 4 இன் சிப்பில் எச்.264 காணொளிக்கு 1080பி அளவில் வினாடிக்கு 60 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) வரையும், எச்.265 காணொளிக்கு 4கே அளவில் 60 சட்டகங்கள் வரையும் தனித்தனிச் சுற்றுகள் உண்டு. விபி9, ஏவி1 இரண்டுக்கும் அதில் சுற்றே கிடையாது. ஆகவே அவ்வகைக் கோப்பை வைத்துக்கொண்டு எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் இல்லை.

உங்கள் கோப்பு எச்.264 தான் என்றால், அதற்கான டிரைவர் (டிகோடரை இயக்கும் மென்பொருள்) அண்மைக்கால ராஸ்பெரி பை ஓஎஸ் இயங்குதளத்தில் தானாகவே ஏற்றப்பட்டிருக்கும். டெவ் அடைவில் வீடியோ10 என்ற பெயரில் ஒரு சாதனக் கோப்பு இருந்தால் அதுவே டிகோடர். அது இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், காணொளியை ஓட்டும் பயனர் 'வீடியோ' குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கணினி தொடங்கும்போதே தானாக ஓடும்படி தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி வைப்பவர்கள் இதைத்தான் வழக்கமாக மறந்துவிடுகிறார்கள். அதன் பின்னர் எம்பிவி என்னும் காணொளி ஓட்டும் மென்பொருளில் 'எச்டபிள்யூடெக்' என்னும் தெரிவுக்கு 'வி4எல்2எம்2எம்-காப்பி' என்ற மதிப்பைக் கொடுங்கள். இதில் டிகோடர் விரித்த ஒவ்வொரு சட்டகமும் சாதாரண நினைவகத்துக்குப் பிரதியெடுக்கப்பட்டே திரைக்குச் செல்வதால், புரோசசருக்குக் கொஞ்சம் வேலை மிஞ்சும். ஆயினும் 1080பிக்கு அது தாராளமாகத் தாங்கும்.

உண்மையிலேயே வன்பொருள்தான் வேலை செய்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. எம்பிவி ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையில் 'ஐ' எழுத்தை அழுத்தினால் திரையின் இடது பக்கத்தில் ஒரு புள்ளிவிபரப் பட்டியல் தோன்றும். அதில் காணொளி பற்றிய பகுதியில் நீங்கள் கொடுத்த டிகோடரின் பெயர் இருந்தால் சரி. இல்லையென்றால் எம்பிவி சத்தமில்லாமல் மென்பொருள் டிகோடிங்குக்கு, அதாவது புரோசசரே விரிக்கும் முறைக்கு, திரும்பிவிட்டது என்று அர்த்தம். அதே பட்டியலில் கைவிடப்பட்ட சட்டகங்களின் எண்ணிக்கையும் இருக்கும். அது நின்ற இடத்திலேயே நின்றால் நிம்மதியாக இருக்கலாம்.

இதையெல்லாம் செய்ய மனமில்லை, ஒரு காணொளி திரும்பத் திரும்ப ஓடினால் போதும் என்றால், லிப்ரிஎலெக் என்னும் இயங்குதளத்தை மெமரி கார்ட்டில் எழுதிப் போட்டுவிடுங்கள். அது கோடி என்னும் ஊடக மென்பொருளோடு நேரே தொடங்கும். டிகோடரும் முன்னரே இணைக்கப்பட்டிருக்கும். விடுதி வரவேற்பறைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

கேள்வி (மூதூர், தனியார் கல்வி நிலைய ஆசிரியர்): புதிதாகப் பை 5 வாங்கினேன். எச்.264 பாடக் காணொளிகளுக்கு வன்பொருள் டிகோடரைத் தேடினால் வீடியோ10 சாதனமே இல்லை. பலகை பழுதா? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பழுது இல்லை, ஆசிரியரே, திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். 2023 இல் வெளிவந்த பை 5 இன் சிப்பில் எச்.264 டிகோடரையே எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது 4கே 60 சட்டகம் வரையான எச்.265 டிகோடர் மட்டுமே. வன்பொருள் என்கோடரும் (காணொளியைச் சுருக்கும் சுற்றும்) அதில் இல்லை. இதை அறியாமல் பை 4 க்கு எழுதப்பட்ட வழிமுறைகளைப் பை 5 இல் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து மனம் சலித்தவர்கள் பலர்.

ஆனால் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. பை 5 இல் இருப்பவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள நான்கு கோர்ட்டெக்ஸ்-ஏ76 கருக்கள், 1080பி எச்.264 காணொளியை அவை மென்பொருளாலேயே தடக்கமின்றி ஓட்டிவிடும். ஆகவே எதையும் இயக்க முயலாமல் விஎல்சி மென்பொருளில் அப்படியே திறந்து பாருங்கள். வகுப்பறை வெப்பத்துக்கு மட்டும் ஒரு சிறு விசிறி பொருத்துங்கள்.

கேள்வி (திருகோணமலை நகர், காணொளிப் படப்பிடிப்பாளர்): கோவில் திருவிழாக்களைக் கைபேசியிலும் ட்ரோனிலும் 4கேயில் எடுக்கிறேன். பை 4 இல் சில கோப்புகள் அழகாக ஓடுகின்றன, சில படம் படமாக நகர்கின்றன. இரண்டும் 4கேதானே?

பதில்: நீங்கள் பார்ப்பது மிகச் சரியான அறிகுறி. ஓடுபவை எச்.265 ஆகவும், தடக்குபவை எச்.264 ஆகவும் இருக்கும். எச்.264 டிகோடரின் எல்லை 1080பி; ஆகவே 4கே எச்.264 கோப்பு வந்தால் அது முழுவதும் புரோசசரின் தலையில் விழுகிறது, பை 4 இன் புரோசசரால் அதைச் சுமக்க முடியாது. கமராவின் அமைப்புகளில் எச்.265 என்றோ 'உயர் செயல்திறன்' என்றோ ஒரு தெரிவு இருந்தால் இனி அதிலேயே எடுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றை வீட்டிலுள்ள பெரிய கணினியில் எச்.265 ஆக மாற்றுங்கள். அந்த வேலையைப் பையிடம் கொடுக்க வேண்டாம், எச்.265 என்கோடர் எந்தப் பையிலும் இல்லை, விடிந்தாலும் முடியாது.

இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. எச்.265 டிகோடர் 10 பிட் நிறத்தையும் ஏற்கும், எச்.264 டிகோடர் 8 பிட்டை மட்டுமே ஏற்கும். அடுத்தது, பை 4 இல் 4கே படம் வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட வேண்டுமானால், கன்ஃபிக் என்னும் அமைப்புக் கோப்பில் 4கே 60 அனுமதிக்கான வரியைச் சேர்த்து, மின்னிணைப்புக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐ துளையில் வயரைச் செருக வேண்டும். மற்றத் துளையில் 30 தான் கிடைக்கும். பழைய ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் அந்தக் கோப்பு பூட் அடைவிலேயே இருந்தது. புக்வேர்ம் பதிப்பிலிருந்து பூட் அடைவினுள் இருக்கும் ஃபர்ம்வெயர் அடைவுக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில் எழுதிவிட்டு மாற்றம் நடக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

கேள்வி (கிண்ணியா, மாணவர்): அண்ணா, உபுண்டு போட்ட பை 4 இல் எச்.264 ஓடுகிறது, ஆனால் எச்.265 க்கு வன்பொருள் பிடிபடவில்லை. அதே கோப்பு ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் ஓடுகிறது. ஏன் தம்பிக்கு மட்டும் இப்படி?

பதில்: தம்பி, எச்.264 டிகோடருக்குச் சுருக்கிய தரவை அப்படியே கொடுத்தால் போதும்; எந்தச் சட்டகம் எதைச் சார்ந்தது என்ற கணக்கைச் சிப்பின் உள்மென்பொருளான ஃபர்ம்வெயரே வைத்துக்கொள்ளும். எச்.265 டிகோடரோ எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதன் தலைப்பு விபரங்களையும், அது பார்க்க வேண்டிய முந்தைய சட்டகங்களையும் மென்பொருளே கணித்து, கோரிக்கை ஒன்றாகக் கட்டி, இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் கொடுக்க வேண்டும். ராஸ்பெரி பை நிறுவனம் தன் இயங்குதளத்தில் தரும் எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கான திருத்தங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பிற இயங்குதளங்களின் எஃப்எஃப்எம்பெக்கில் அவை இல்லாமல் இருக்கலாம். நீங்களே திருத்தித் தொகுத்துக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள நல்ல வழியும் அதுதான். படம் பார்ப்பது மட்டும் நோக்கம் என்றால் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸுக்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): பை 4 இல் யூடியூப் மட்டும் தடக்குகிறது.

பதில்: யூடியூப் உலாவிக்கு விபி9 அல்லது ஏவி1 வடிவத்தை அனுப்புகிறது, அவற்றுக்குப் பை 4 இல் சுற்று இல்லை. குரோமியம் உலாவியில் எச்264இஃபை போன்ற நீட்சி ஒன்றைச் சேர்த்தால் எச்.264 வடிவமே வரும். தரத்தை 1080பிக்கு மேல் ஏற்ற முடியாது என்பதே அதன் விலை.

கேள்வி (நிலாவெளி, சுழியோடி நிலையம்): எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆனால் நண்பகலில் மட்டும் தடக்கத் தொடங்குகிறது. திரையின் மூலையில் ஒரு மின்னல் குறியும் வந்து போகிறது. டிகோடர் பழுதாகிறதா?

பதில்: டிகோடரில் குறை இல்லை. மின்னல் குறி மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று சொல்கிறது. கைபேசிச் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பை 4 க்கு 5 வோல்ட் 3 அம்பியர் தரக்கூடிய, தடித்த வயருள்ள மின்வழங்கியைப் போடுங்கள். கடற்கரையோரத்தில் யூஎஸ்பி-சி முனைகளில் பச்சை பூப்பதும் இதே குறையைத் தரும். வயரைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

நண்பகல் தடக்கத்துக்கு வெப்பமும் காரணமாக இருக்கும். சிப்பின் வெப்பநிலை 80 பாகை செல்சியசைத் தொட்டதும் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விசிஜென்கமாண்ட் கட்டளையில் 'கெட் துரொட்டில்ட்' என்று கேட்டால் பதினாறடிமான எண் ஒன்று வரும். 0எக்ஸ்0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 0எக்ஸ்50000 என்றால் கணினி தொடங்கிய பின்னர் எப்போதோ மின்னழுத்தம் குறைந்து, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 0எக்ஸ்50005 என்றால் இரண்டும் இந்தக் கணத்திலும் நடந்துகொண்டிருக்கின்றன. காலையில் ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள். புதிய மின்வழங்கி போட்ட பின்னரும் நண்பகலில் எண் மாறினால், பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு வெப்பம் கடத்தும் தகடும் விசிறியும் பொருத்துங்கள்.