மாட்டுங்காவில் ஒரு காலை, எலிஃபண்டாவில் ஒரு பகல்

கேள்வி: தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வயது 21, பி.காம். இறுதியாண்டு. வெளியூர்க்காரர்களுக்கு மும்பையைச் சுற்றிக் காட்டும் தொழிலில் இறங்க ஆசை. காலையில் மாட்டுங்காவில் நம் ஊர்ப் பலகாரம், பிறகு படகில் எலிஃபண்டா தீவு, குகையில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுக்கும் புளியோதரையும் தயிர் சாதமும் என்று பத்துப் பேருக்கு ஒரு நாள் திட்டம் போட்டிருக்கிறேன். அப்பாவோ வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். படிப்பு முடிந்ததும் முழுநேரமாக இதில் இறங்கலாமா? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, தாராவி, மும்பை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஆசை நல்ல ஆசை. ஆனால் திட்டத்தை இப்படியே நடத்தினால் முதல் நாளே குகை வாசலில் தடுத்து நிறுத்திவிடுவார்கள். எலிஃபண்டா குகைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அதற்கான 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் அங்கே சமைக்கவோ சாப்பிடவோ கூடாது. காசு வாங்கிக்கொண்டு பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டுவதற்கும் உரிமம் வேண்டும். ஆக, குகைக்குள் புளியோதரையும் கிடையாது, உரிமம் இல்லாமல் உங்கள் விளக்கமும் கிடையாது. இது மட்டும் தெரியாமல் பத்துப் பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் திட்டத்தை இரண்டாக உடையுங்கள். மாட்டுங்கா தனி, தீவு தனி. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் வெயிலில் படியேறும்போதே பாதிப் பேர் சோர்ந்துவிடுவார்கள்.

மாட்டுங்காவை உடனே தொடங்கலாம். ஞாயிறு காலை 7.30க்கு ஆரம்பித்து 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கடைகளில் கூட்டம் நெரியும். போதாக்குறைக்கு, பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் ஞாயிறு ‘மெகா பிளாக்’ தொடங்கிவிட்டால் விருந்தினர் வீடு திரும்பத் திண்டாடுவார்கள். சந்திக்கும் இடத்தை ‘மாட்டுங்கா ஸ்டேஷன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் தடத்தில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று ஸ்டேஷன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒருவர் தப்பான ஸ்டேஷனில் இறங்கினாலும் இருபது நிமிடம் போச்சு. ‘மத்திய ரயில்வே மாட்டுங்கா, கிழக்குப் பக்கம்’ என்று எழுதி, இடத்தின் படத்தையும் முதல் நாள் இரவே அனுப்பிவிடுங்கள்.

பத்துப் பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். ஆறு பேரென்றால் இரண்டு மேசையில் அடங்குவார்கள், நடைபாதையில் உங்கள் குரலும் கடைசி ஆள் வரை கேட்கும். மூன்று கடைக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு கடையிலும் மூன்று பேருக்கு ஒரு தட்டு என்று பகிர்ந்து கொடுத்தால்தான் மூன்றாவது கடையில் பசி மிச்சமிருக்கும். முதலில் இட்லி, நடுவில் எண்ணெய்ப் பலகாரம், கடைசியில் பில்டர் காபி. காபியை முதலில் கொடுத்தால் நாக்கில் அந்தக் கசப்பே நிற்கும், இட்லியின் லேசான புளிப்பு தெரியவே தெரியாது.

நடை நடத்துபவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மாட்டுங்காவின் பழைய சாப்பாட்டுக் கடைகளில் பல உடுப்பிக்காரர்கள் தொடங்கியவை. 1942இல் வந்த ராமா நாயக் உடுப்பி அப்படிப்பட்டதுதான். அங்கே சாம்பாரில் வெல்லம் தட்டினால் அது அவர்கள் கைமணம், குறையல்ல. ‘இதெல்லாம் தமிழ்ச் சாப்பாடு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விஷயம் தெரிந்த விருந்தினர் உங்களை நம்பமாட்டார். மாறாக, ‘இது உடுப்பி சாம்பார், எங்கள் திருநெல்வேலி வீட்டில் பாசிப்பருப்பும் தேங்காய்ப் பாலும் சேர்த்துச் சொதி வைப்போம், கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு அதுதான் விருந்து’ என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்களைத் தேடி வருவதற்கு அந்த நுணுக்கம்தான் காரணமாக இருக்கும்.

பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: ஜைன உணவா (வெங்காயம், கிழங்கு சேர்க்காததா)? வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா? படி ஏற முடியுமா? மும்பையில் முதல் கேள்வி மிக முக்கியம். சாம்பாரில் வெங்காயம், மசால் தோசையில் உருளைக்கிழங்கு என்று கடைசி நேரத்தில் தெரிந்தால் அந்த விருந்தினர் காபி மட்டும் குடித்துவிட்டு நிற்பார்.

தாராவியையும் சேர்க்கலாமா என்ற எண்ணம் எப்படியும் வரும். விடியுமுன் இட்லி அவித்து நகரம் முழுக்கக் கொண்டுபோய் விற்கும் நம் மக்களைக் காட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது அவர்கள் வேலை மும்முரமாக நடக்கும் நேரம், சந்தும் குறுகல். முதல் நாளே போய்க் கேட்டு, சம்மதம் சொன்ன ஒரே வீட்டுக்கு, அதுவும் இரண்டு பேரை மட்டும் கூட்டிப்போங்கள். கேட்காமல் கேமரா எடுக்கக் கூடாது. இட்லியைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

இப்போது தீவு. திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், ஞாயிறு நெரிசல். சனிக்கிழமைதான் வசதி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து காலை ஒன்பது மணியளவில் கிளம்பும் முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். போய்ச் சேரச் சுமார் ஒரு மணி நேரம். ஏறியதும் எல்லோரும் உயிர்காப்பு உடுப்பு மாட்டிக்கொண்டார்களா என்று நீங்களே பாருங்கள், செல்ஃபிக்காகக் கழற்ற விடாதீர்கள். நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இந்த வித்தியாசத்தை முன்பே சொல்லாவிட்டால் டிக்கெட் கவுண்டரில் முகம் சுளிப்பார்கள். படகுத்துறையிலிருந்து சின்ன ரயில் உண்டு, அதன்பின் சுமார் 120 படிகள்.

குகைக்குள் உரிமம் உள்ள வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். சுமார் ஐந்தரை மீட்டர் உயரமுள்ள அந்த மூன்று முகச் சிவனைப் பற்றி அவர் பேசட்டும். தீவுக்கு இந்தப் பெயர் வந்த கதையை நீங்கள் படகிலேயே சொல்லிவிடலாம்: போர்த்துகீசியர் இங்கே ஒரு கல் யானையைப் பார்த்து வைத்த பெயர் அது. அந்த யானை இப்போது பைக்குல்லா ஜிஜாமாதா தோட்டத்தில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் காராபுரி. உங்களுக்கே உரிமம் வேண்டுமென்றால், தொல்லியல் துறையின் மும்பை வட்ட அலுவலகம் சயான் கோட்டை அடிவாரத்தில்தான் இருக்கிறது, தாராவியிலிருந்து கூப்பிடு தூரம். நேரில் போய் என்ன தகுதி, எப்போது விண்ணப்பம் என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

மதியச் சாப்பாட்டைத் தீவுக்காரர்களிடமே சொல்லி வையுங்கள். அந்தச் சிறு கிராமங்களுக்கு வருமானமே வருகிறவர்களால்தான். அரிசி மாவு ரொட்டியான பாக்ரி, மீன் வறுவல், கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப் பாலும் கலந்த சோல் கடி கிடைத்தால் விடாதீர்கள். சோல் கடியைக் குடிக்கும்போது உங்கள் வீட்டுச் சொதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரே தேங்காய்ப் பால், இரண்டு கடற்கரை, இரண்டு ருசி.

தயிர் சாதத்தை விட்டுவிடுங்கள். வடித்த சோறு மும்பைப் புழுக்கத்தில் நாலைந்து மணி நேரம் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, அது உண்டாக்கும் ஒரு நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை கொஞ்சம் தாங்கும். அதையும் போகும் படகிலேயே, ஆளுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொடுத்து முடித்துவிடுங்கள். மேலே கொண்டுபோனால் குரங்குகள் பையோடு பிடுங்கும்.

ஆறு பேருக்கு 300 கிராம் பச்சரிசி, 40 கிராம் பழைய புளி, 60 மில்லி நல்லெண்ணெய், ஆறேழு வற்றல் மிளகாய் போதும். புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே செய்துவிட வேண்டும். தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்க விடுங்கள். இருபது நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டு இறக்கினால் காலையில் நீர்த்துப்போய்ச் சோறு கூழாகும். உப்பைப் புளிக்காய்ச்சலிலேயே கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். காலையில் அரிசிக்கு இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் வைக்காமல் வேகவைத்து, தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு, நன்றாக ஆறிய பிறகே கிளறுங்கள். சூடாக டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்க்கும், அந்தத் தண்ணீர் சொட்டித்தான் சோறு கெடுகிறது. வேர்க்கடலையைத் தனிப் பொட்டலமாக வையுங்கள். பின்னாளில் பொடி, ஊறுகாய் என்று விற்க ஆரம்பித்தால், வீட்டில் செய்வதாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு கட்டாயம்.

முழுநேரமாக இறங்கலாமா என்றால், இப்போது வேண்டாம். ஒரு கணக்கைப் பாருங்கள். மாட்டுங்கா நடைக்கு ஆளுக்கு 600 ரூபாய் என்றால் ஆறு பேருக்கு 3,600. உங்களையும் சேர்த்து ஏழு பேர் சாப்பாடு தலைக்கு 180 என்றால் 1,260. மிச்சம் 2,340. மாதம் நாலு ஞாயிறும் நிறைந்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இரண்டு பேர் வராமல் போனால் அதுவும் சுருங்கும், மழை மாதங்களில் இன்னும் குறையும். இது கைச்செலவுக்கு ஆகும், குடும்பம் நடத்த ஆகாது. முன்பணம் முழுவதையும் வாங்கிவிடுங்கள். 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் திருப்பித் தருவதாக எழுதி வையுங்கள்.

வங்கி எழுத்தர் தேர்வுக்கு 28 வயது வரையும், அதிகாரி தேர்வுக்கு 30 வரையும் இடமிருக்கிறது. ஆகவே அப்பா சொல்வதும் நடக்கும், உங்கள் ஞாயிறும் நடக்கும். வார நாட்களில் படியுங்கள். இருபது நடைகள் நடத்திய பிறகு, வந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் நண்பர்களை அனுப்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். யாரும் அனுப்பவில்லை என்றால் எதையோ மாற்ற வேண்டும். பாதிப் பேர் அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சை அப்பாவிடம் மறுபடி எடுங்கள்.

அதுவரை அவரிடம் வாதாட வேண்டாம். முதல் ஒத்திகைக்கு அவரையே விருந்தினராகக் கூட்டிப்போங்கள். கையில் கடிகாரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கடையிலும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். எந்தக் கடைக்காரர் ஆறு பேருக்கு இடம் பிடித்து வைப்பார், யார் முகத்தைத் திருப்புவார் என்பதெல்லாம் இந்த ஊரில் இத்தனை காலம் இருந்த அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.