காசநோய் மாத்திரையும் கீழாநெல்லிச் சாறும்

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. 38-லிருந்து 72-க்கு ஏறியதும் அப்பாவின் ஈரல் போய்விடுமோ என்று பயந்து கீழாநெல்லிச் சாறு, சீந்தில் பொடி, இணையத்தில் வாங்கிய சிலிமரின் (ஒரு மூலிகைச் சத்து) மூன்றையும் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். காசநோய்ச் சிகிச்சையின் மூன்றாவது வாரத்தில் இந்த அளவு ஏற்றம் பலருக்கும் வரும். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆய்வகத்தின் உச்சவரம்பு 40 என்றால், தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கு 200-ஐத் தாண்டும்போதுதான் மாத்திரையை நிறுத்துவோம். குமட்டல், வாந்தி இருந்தால் 120-லேயே நிறுத்திவிடுவோம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம்தான். மூட்டுவலிக்கு இன்னொரு காசநோய் மருந்தான பைரசினமைடு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

முதலில் சீந்தில் பொடியை இன்றே நிறுத்துங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைச் சாப்பிட்டு ஈரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். ஈரலைக் காக்க வாங்கிய பொடி ஈரலையே கெடுக்கக்கூடியது!

கீழாநெல்லி பேர் வாங்கியது ஹெபடைடிஸ் ஏ காமாலையில். அது எதுவும் குடிக்காவிட்டாலும் சில வாரங்களில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். 1988-இல் சென்னையில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதுவும் வைரஸுக்கான சோதனை, மாத்திரை நச்சுக்கானது அல்ல.

"ஈரலைப் பாதுகாப்பதாக நிரூபணம்" என்று நீங்கள் படித்ததெல்லாம் அநேகமாக எலிச் சோதனை. முதலில் சாற்றைக் கொடுப்பார்கள், பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு. அந்த வேதிப்பொருளை நச்சாக மாற்றுவதே ஈரலிலுள்ள ஒரு நொதிதான். சாறு அந்த நொதியை முடக்கினாலே போதும், எலி தப்பித்துவிடும். அதை வைத்து ஐசோனியாசிட், பைரசினமைடு போன்ற காசநோய் மருந்துகளை விழுங்கும் மனிதருக்குக் கவசம் என்று விற்பது வியாபாரம். சிலிமரின் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் காசநோய் நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாளை எஸ்.ஜி.பி.டி. 300-க்குப் போனால் காரணம் மாத்திரையா பொடியா என்று யாராலும் சொல்ல முடியாது. பழி மாத்திரை மேல் விழும், சிகிச்சை தடைபடும். அதனால் மூன்றையுமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அப்பாவின் சாப்பாட்டுத் தட்டை. சிறுநீர் ஏற்கெனவே நிறம் மாறியிருப்பதால் அதை வைத்துக் காமாலையைக் கண்டுபிடிக்க முடியாது. வழக்கமாக ரசித்துச் சாப்பிடுவதைக் கண்டால் முகம் சுளிக்கிறார், குமட்டுகிறது, வாந்தி வருகிறது, வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்கிறார் என்றால், கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல், அன்றே சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டி எஸ்.ஜி.பி.டி.யும், காமாலையைக் காட்டும் பிலிரூபினும் பாருங்கள். தூக்கக் கலக்கமோ பிதற்றலோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுதான். நிறுத்த வேண்டி வந்தாலும் சிகிச்சை வீணாகாது. எஸ்.ஜி.பி.டி. 80-க்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொரு மருந்தாக மீண்டும் சேர்ப்போம், வழக்கமாக ரிஃபாம்பிசின் முதலில். எதை, எப்போது என்பதை அப்பாவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இப்போதைக்கு ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையை மறுபடியும் செய்யுங்கள். அப்பா குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவர் என்றால், சிகிச்சை முடியும்வரை ஒரு சொட்டும் கூடாது.