பழைய டிஜிட்டல் கேமரா: ஒரே வயசு, விலை மட்டும் ஏன் நாலு மடங்கு?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் கேனான் 300டி, 5டி இரண்டும் பார்த்தேன். இரண்டுமே பழசுதான், 5டி-க்கு மட்டும் நாலு மடங்கு விலை சொல்கிறார்கள். 300டி-யோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் 5டி-க்கும் பொருந்தும் என்கிறார் விற்பவர். ஏற்காடு காட்சிகள் எடுக்கத்தான். எதை வாங்கலாம்?
— அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் லென்ஸ். பொருந்தாது. அந்த 18-55 இஎஃப்-எஸ் வகை, அடியில் வெள்ளைச் சதுரக் குறி இருக்கும். 5டி-க்குச் சிவப்புப் புள்ளி போட்ட இஎஃப் லென்ஸ்தான் வேண்டும். விற்பவர் பேச்சை நம்பி லென்ஸ் இல்லாத கேமராவை (பாடி) மட்டும் வாங்கிவந்தால் வீட்டில் அலங்காரப் பொருளாக இருக்கும்.

விலை வித்தியாசம் மெகாபிக்சலால் வந்ததல்ல. 300டி 2003-இல் 899 டாலர். 5டி 2005-இல் 3,299 டாலர். படம் பதியும் சில்லான சென்சார் 300டி-யில் 22.7×15.1 மி.மீ., 5டி-யில் 35.8×23.9 மி.மீ. பரப்பில் இரண்டரை மடங்கு. ஆனால் செலவு இரண்டரை மடங்கோடு நிற்காது. 200 மி.மீ. வட்டச் சிலிக்கான் தட்டில் பெரிய சென்சார் 25 போல வெட்டலாம், சிறியது 70 போல. தட்டில் 15 இடத்தில் குறை விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: சிறியதில் 55-க்கு மேல் தேறும், பெரியதில் பாதிதான் தேறும். போதாததற்கு, சில்லு அச்சடிக்கும் இயந்திரம் ஒரே தடவையில் பதிக்கும் பரப்பு சுமார் 26×33 மி.மீ.தான். 36 மி.மீ. அதில் அடங்காததால் துண்டுதுண்டாகப் பதித்து இணைக்க வேண்டும். அன்று இந்தச் செலவெல்லாம் வாங்குபவர் தலையில்தான் விழுந்தது.

உங்கள் தேவைக்கு 300டி போதும். பகோடா பாயின்ட்டில் நின்று அகலமாக எடுக்க, லென்ஸின் 18 மி.மீ. முனை போதும்: 300டி-யின் சிறிய சென்சாரில் அதை 1.6 ஆல் பெருக்கினால், 5டி-யில் 29 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்துக்குச் சமம். மங்கல் வெளிச்சத்தில் 5டி படம் தெளிவாக இருக்கும், மறுக்கவில்லை. கையில் இஎஃப் லென்ஸ் ஏற்கெனவே இருந்தால் மட்டும் 5டி பக்கம் போங்கள்.

எதை வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். லென்ஸ் துளையை எஃப்/22 என்று சிறிதாக வைத்து, ஃபோகஸ் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் தூசி, துடைத்தால் போகும். லென்ஸ் மூடியைப் போட்டு 30 நொடி எடுங்கள். நிறப்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அவை சென்சாரின் குறை, துடைத்தாலும் போகாது. படம் சேமிக்கும் சிஎஃப் மெமரி கார்டு பொந்துக்குள் டார்ச் அடித்து ஊசி வளைந்திருக்கிறதா பாருங்கள். 5டி என்றால் லென்ஸைக் கழற்றி உள்ளே உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற மிரரையும் கவனியுங்கள்: பசை விட்டுக் கழன்று விழுவது அந்த மாடலின் ஊரறிந்த குறை. அது சரிசெய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

கேள்வி: பழைய காம்பாக்ட் கேமராவில் “1/1.8 அங்குலம்” என்று போட்டிருக்கிறது. கிட்டத்தட்ட 14 மி.மீ. சென்சாரா?
— ஏற்காடு

பதில்: இல்லை. அது பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டக் கணக்கு. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் சுமார் 7.2×5.3 மி.மீ., மூலைக்கு மூலை 9 மி.மீ. மேலே சொன்ன 300டி சென்சாரில் ஒன்பதில் ஒரு பங்கு. அளவு பார்த்து விலை பேசுவதாக இருந்தால் மி.மீ. கணக்கை மட்டும் கேளுங்கள்.