ஒரே ஜாப், இரண்டு ரிப்போர்ட்: எந்த சாஃப்ட்வேரை நம்பி வாங்குவது?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஏழெட்டு ஆட்களோடு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் உலோகம் வெட்டும் மிஷின்) ஷாப் நடத்துகிறேன். ஒரு பம்ப் கேசிங் டிராயிங்கில் ப்ரொஃபைல் டாலரன்ஸ் (பரப்பு வடிவம் எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) 0.5, அடுத்து வட்டத்துக்குள் ‘யூ’, அப்புறம் 0.4 என்று போட்டிருக்கிறது. காட்பாடியில் அளந்ததில் 0.35 வந்தது, பாஸ். கஸ்டமரோ 0.60 என்று சொல்லி ரிஜெக்ட் செய்துவிட்டார். இரண்டு ரிப்போர்ட்டிலும் அதிகபட்ச விலகல் +0.30, குறைந்தபட்சம் -0.05தான். இப்போது பழைய சிஎம்எம் (பாகத்தை முப்பரிமாணத்தில் அளக்கும் மிஷின்) ஒன்று விலைக்கு வருகிறது, சாஃப்ட்வேருக்குத் தனி விலை. வாங்கலாமா?

பதில்: முதலில் ஒன்று, உங்கள் ஜாப் நல்ல ஜாப். கணக்குதான் இரண்டு இடத்திலும் தப்பு.

வட்ட ‘யூ’ என்பது ஏஎஸ்எம்இ ஒய்14.5 என்ற அமெரிக்க டிராயிங் தரத்தின் 2009 பதிப்பில் வந்த குறி. மொத்தம் 0.5 மி.மீ.; அதில் 0.4 உலோகம் கூடும் பக்கம், மிச்சம் 0.1 குறையும் பக்கம். அதாவது +0.4 முதல் -0.1 வரை இருக்கலாம். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ டிராயிங்கில் இதையே ‘யூஇசட் +0.15’ என்று எழுதுவார்கள். அங்கே சொல்வது பங்கை அல்ல, அனுமதித்த பட்டையின் நடுக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதை (+0.4-க்கும் -0.1-க்கும் நடு +0.15). இரண்டையும் குழப்பி என்ட்ரி போடுகிற ஆபரேட்டர்கள் உண்டு.

காட்பாடிக்காரர் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தார்: 0.35. கஸ்டமர் சைடில் ‘யூ’வையே கவனிக்காமல் 0.30-ஐ இரட்டித்தார்கள்: 0.60. சரியான வழி, நகர்ந்த நடுக்கோட்டிலிருந்து அளப்பது. 0.30-லிருந்து 0.15 போனால் +0.15, -0.05-லிருந்து 0.15 போனால் -0.20. இதில் பெரியது 0.20, இரட்டித்தால் 0.40. கணக்கு முறைக்கான துணைத் தரம் ஒய்14.5.1-ன் 2019 பதிப்பு சொல்லும் முறையில் போட்டாலும் இதே 0.40தான். 0.5-ஐத் தாண்டவில்லை, பாஸ்.

நல்ல ஜாப் ரிஜெக்ட் ஆவது பண நஷ்டம். கெட்டது பாஸ் ஆவதுதான் எனக்குப் பயம். அளந்த விலகலே +0.15, -0.20 என்று வேறொரு ஜாப் வருகிறது என்று வையுங்கள். கழித்தல் முறையில் 0.35, இரட்டிப்பு முறையில் 0.40, இரண்டிலும் பாஸ்! ஆனால் -0.20 என்பது அனுமதித்த -0.1-ஐத் தாண்டிவிட்டது. -0.20-லிருந்து 0.15 போனால் -0.35, இரட்டித்தால் சரியான விடை 0.70.

அதனால் விற்பவரிடம் இந்த இரண்டு ஜோடி எண்களையும் கொடுத்து டெமோவில் ஓட்டச் சொல்லுங்கள். 0.40, 0.70 வரவில்லை என்றால் மிஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த சாஃப்ட்வேர் வேண்டாம். கேட் மாடலில் (கம்ப்யூட்டரில் வரைந்த பாகத்தின் வடிவம்) பரப்பின் திசை அம்பு உலோகத்துக்கு வெளியே நோக்குகிறதா என்றும் பாருங்கள். தலைகீழாக இருந்தால் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிடும். டிராயிங்கில் டேட்டம் (எதை ஆதாரமாக வைத்து அளப்பது என்ற குறி) இருக்கும்போது, அளந்த புள்ளிகளை மாடலோடு பொருந்தும்படி நகர்த்தும் ‘பெஸ்ட் ஃபிட்’ பட்டனை அமுக்கி ஜாப்பை நல்லதாக்குவது வேறொரு வித்தை. அதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு தகராறு வந்தால்? தொழில் நோக்கில் வாங்கியதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கே விலக்கு. ஆள் வைத்து நடத்தும் உங்களுக்கு அது கிடைப்பது கஷ்டம். எனவே அந்த டெமோ கணக்கையும், அது தவறினால் பணம் திரும்பும் என்பதையும் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ரிஜெக்ட் ஆன ஜாப்புக்கு, மேலே உள்ள கணக்கைக் கஸ்டமரின் குவாலிட்டி ஆளுக்கு அனுப்பி மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.