41 நாவல்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: டெரி பிராட்செட்டின் நகைச்சுவை மாயக்கதைத் தொடரான டிஸ்க்வேர்ல்டு வரிசையை வாசிக்க ஆசை. மொத்தம் 41 நாவல்கள். முதல் பத்தையும் சேர்த்து எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், ஒன்றே ஒன்று வாங்குங்கள். பட்டியலில் இருக்கும் எண், புத்தகம் வெளியான வரிசை. கதை அப்படி ஓடவில்லை. ஒவ்வொரு நாவலும் தனிக்கதைதான். ஆனால் நகரக் காவலர்கள், சூனியக்காரிகள், ரின்ஸ்விண்ட் என்ற உதவாக்கரை மந்திரவாதி என்று ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வரும் கிளைகள் உண்டு. முதல் பத்தில் நான்கு ரின்ஸ்விண்டுக்கே போய்விடும். காவலர் கதை ஒன்றுதான் கிடைக்கும்.

1983இல் வந்த முதல் நாவல் ‘தி கலர் ஆஃப் மேஜிக்’, அந்தக் காலத்து வாள்-மந்திரக் கதைகளைக் கிண்டலடிப்பது. அவற்றைப் படிக்காதவருக்குப் பாதி நகைச்சுவை பிடிபடாது. போதாக்குறைக்குக் கதை அந்தரத்தில் நின்று, 1986இல் வந்த ‘தி லைட் ஃபென்டாஸ்டிக்’கில்தான் முடிகிறது. பலர் தொடரையே கைவிடுவது இந்த இடத்தில்.

எட்டாவதாக வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) வாங்குங்கள். இரவுக் காவல் கேப்டன் வைம்ஸ் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் விழுந்து கிடப்பதில் ஆரம்பிக்கும். பிடித்துப்போனால் அடுத்தடுத்து: மென் அட் ஆர்ம்ஸ், ஃபீட் ஆஃப் கிளே, ஜிங்கோ, தி ஃபிஃப்த் எலிஃபன்ட், நைட் வாட்ச், தட்!, ஸ்னஃப். இந்த எட்டையும் மாற்றிப் படிக்காதீர்கள். வைம்ஸின் பதவியும் வீடும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ‘நைட் வாட்ச்’தான் உச்சம் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக அதிலேயே தொடங்கினால் வீண். அதில் வைம்ஸ் முப்பது வருடம் பின்னால் போய், இளவயது வைம்ஸையே சந்திக்கிறார். சாக்கடையில் கிடந்தவரைத் தெரிந்திருந்தால்தான் அந்தச் சந்திப்பு உறைக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003). ஒன்பது வயது டிஃபனி வளர்ந்துகொண்டே போகும் ஐந்து புத்தகங்கள். ஐந்தாவதான ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ பிராட்செட் இறந்தபின், 2015இல் வந்தது. மொத்தத் தொடருக்கும் அதுவே கடைசி. மற்றதையெல்லாம் முடித்துவிட்டு எடுத்தாலும் நல்லதுதான்.

மின்நூல் வாங்குபவர்கள் இலவச மாதிரியை இறக்கி, அடிக்குறிப்பு எண்ணைத் தொட்டுப் பாருங்கள். இவருடைய சிரிப்பில் பாதி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. தொட்டதும் அதே பக்கத்தில் திறக்காமல் புத்தகத்தின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனால் எரிச்சல்தான் மிஞ்சும். ‘தி லாஸ்ட் ஹீரோ’ படங்களோடு பெரிய அளவில் வந்த புத்தகம், அதை அச்சில் வாங்குங்கள். ஒலிநூலில் நடிகர் டோனி ராபின்சன் வாசித்தவை சுருக்கிய பதிப்புகள். முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் அவை உதவா.

கேள்வி: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ ஓரிடத்தில் ஐந்து புத்தகம், இன்னோரிடத்தில் ஏழு. இரண்டு கூடுதலாக வந்துவிட்டதா?

பதில்: இல்லை. பிரிட்டிஷ் பேப்பர்பேக் பதிப்பில் தடித்த மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ‘ஸ்டீல் அண்ட் ஸ்னோ’, ‘பிளட் அண்ட் கோல்ட்’ இரண்டும் சேர்ந்ததுதான் மூன்றாவதான ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்’. பழைய புத்தகக் கடையில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்: முழுப் புத்தகம் வீட்டிலிருக்க, பாதியை மறுபடி வாங்கிவிடுவார்கள். முன்னட்டையில் பெரிய தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பார்ட் ஒன்’, ‘பார்ட் டூ’ என்று இருக்கிறதா பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.