துப்பாக்கி தலைகீழா இருக்குறது தப்பு இல்லீங்க

டெல்லி இந்தியா கேட்ல இருந்த போர்வீரர் நினைவுச் சின்னமான அமர் ஜவான் ஜோதியோட படத்துல துப்பாக்கிய தலைகீழா வரைஞ்சதுக்கு உங்க பொண்ணுக்கு டீச்சர் மார்க் கொறச்சிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. பொண்ணு வரைஞ்சதுதாங்க சரி. போர்க்களத்துல ஒரு வீரர் விழுந்துட்டா அவரோட துப்பாக்கிய முனை கீழ வர்ற மாதிரி மண்ணுல குத்தி மேல ஹெல்மெட்ட வைப்பாங்க, இங்க ஒருத்தர் கிடக்குறாருன்னு காட்டுற அடையாளம், அதுவே பின்னாடி அஞ்சலிச் சின்னமா ஆயிடுச்சு. 1971 இந்தியா-பாகிஸ்தான் போர்ல உயிர விட்டவங்களுக்காக 1972 ஜனவரி 26ல இந்தியா கேட்ல இந்தச் சின்னத்த தெறந்தப்பவும் அப்படித்தான் வச்சாங்க. அந்த ஹெல்மெட்டுக்குக் கீழ முகமே இல்லாததுதான் எனக்கு நெஞ்ச அடைக்கும், யாரு வீட்டுப் புள்ளையாவும் இருக்கலாம்ல. 2022ல ஜோதிய பக்கத்துல இருக்குற தேசியப் போர் நினைவிடத்து ஜோதியோட சேத்துட்டாங்க, துப்பாக்கியும் ஹெல்மெட்டும் இப்ப அங்கதான் இருக்கு. போட்டோ எடுத்துட்டுப் போயி டீச்சர்கிட்ட பொறுமையா காட்டுங்க, பாத்தா அவங்களே திருத்திடுவாங்க.